தாய்மாமன் வரும்வரை முதுகு வளையக் கூடாது

பிசியோதெரபி என்பது நாலரை வருடம் படித்துப் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க "கரண்டு வைக்கிற அம்மா" என்று கூப்பிடப்படுகிற தொழில். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் கிளினிக் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு மாடியில் வைத்தியம் பார்க்கலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவான் என் வீட்டுக்காரர். அவரை இப்போதைக்கு மன்னித்துவிடுகிறேன், என் கோபம் இன்றைக்கு வேறு பக்கம் இருக்கிறது.

முழங்கால்காரர்களும் இடுப்புப் பிடிப்புக்காரர்களும் எப்படியோ படியேறி வந்துவிடுகிறார்கள். வலி அவர்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. நான் சொல்லப்போவது வலிக்காத பிள்ளைகளைப் பற்றி. ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே, மளமளவென்று வளர்கிற வயதில், சிலருக்கு ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக நின்றுவிடும். சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய ஆரம்பிக்கும். பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத வியாதிக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. தும்மினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்து "நேரா நில்லுடி" என்பதோடு வைத்தியத்தை முடித்துக்கொள்வார்கள். அம்மாக்களே, ஆசிரியர்களே, என்னைப்போல் கரண்டு வைத்துப் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இந்த எரிச்சல் பழக்கமானதுதான். வாருங்கள், கொஞ்ச நேரம் சேர்ந்தே எரிச்சல்படுவோம்.

பழி சுமந்த பை

மூங்கில்துறைப்பட்டிலிருந்து சுமதி என்ற அம்மா தன் மகளை அழைத்து வந்தார். கரும்பு விவசாயி வீட்டுப் பெண். பெயர் காவியா, எட்டாம் வகுப்பு. பார்க்கிற பெண்களையெல்லாம் "மிஸ்" என்று கூப்பிடுகிற வயது. கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது, ரெண்டு நாள் கரண்டு வைத்தால் போதும் என்று சுமதியே மருத்துவம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் உள்ளே நடந்து வரும்போதே என் கண் அவள் தோளுக்குப் போனது. வலது தோள் மேலே, இடது தோள் கீழே. ஒரு பக்க இடுப்பில் மட்டும் மடிப்பு.

இரண்டு கையையும் கும்பிடுவதுபோல் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொன்னேன். குனிந்தால் முதுகின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். காவியாவுக்கு வலது பக்க விலா மேடு தட்டி நின்றது. உட்காரவைத்துப் பார்த்தேன். கால் நீளத்தில் வித்தியாசம் இருந்து அதனால் முதுகு சாய்ந்திருந்தால், உட்கார்ந்ததும் நேராகிவிடும். இவளுக்கு ஆகவில்லை. வளைவு முதுகெலும்பிலேயே இருக்கிறது.

சுமதியை உட்காரவைத்து விளக்கினேன். இது யார் செய்த தப்பும் இல்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்று பெரிய டாக்டர்களுக்கே தெரியாது, பை தூக்கியதால் வந்ததும் இல்லை, பிள்ளை வளர வளர வளைவும் வளரும், அதனால் உடனே சேலம் போய் எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிய தலையைப் பார்த்து நானும் மகிழ்ந்துபோனேன். கிளம்பும்போது காவியாவின் பள்ளிக்கூடப் பையை எடுத்து, எதிரியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் இந்தப் பை பண்ற வேல தாங்க மேடம். இத்தினி நாளா வலது பக்கமே மாட்டிக்கினு போனா. இனிமே இடது பக்கம் மாட்டச் சொல்றேன், தானா சமமாயிரும்."

இரண்டு காலுக்கும் நியாயம்

சின்னசேலத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தன் மகன் அஸ்லமோடு வந்தார். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து அஸ்லமுக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பு கூடியது, ஆனால் இடது கால் கொஞ்சம் குட்டையாகக் கூடியது. இப்போது ஒன்பதாம் வகுப்பு. பையன் நின்றால் இடுப்பு இடது பக்கம் இறங்கி, அதைச் சரிக்கட்ட முதுகு எதிர்ப் பக்கம் வளைந்து நிற்கும். உட்காரவைத்தேன், முதுகு நேராகிவிட்டது. எனக்கு நிம்மதி. இதற்குக் கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இடது காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தேன். இடுப்பு மட்டத்துக்கு வந்தது, முதுகு தானாக நிமிர்ந்தது. பாய் பார்த்துக்கொண்டே இருந்தவர், "தராசு முள்ளு நடுவுல நின்ன மாதிரி இருக்குதுங்களே" என்று பூரித்துப்போனார்.

இடது ஷூவின் அடியில் இவ்வளவு உயரம் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று அளவெடுத்துச் சொல்லி, எலும்பு டாக்டரிடமும் காட்டச் சொல்லி அனுப்பினேன். டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை அஸ்லம் வந்தபோது ஆள் உயரமாகத் தெரிந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகு முன்பு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வளைந்திருக்கிறது. குழம்பிப்போய் ஷூவைக் கழற்றச் சொன்னேன். இரண்டு ஷூவுக்கும் ஒரே அளவு உயரம் வைத்துத் தைத்திருந்தது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டினால் முள் நகருமா என்று, காலமெல்லாம் தராசு பிடித்த மனிதரிடம் நான் கேட்க வேண்டிவந்தது. அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. எனக்கே புத்தி சொல்லும் தொனியில் சொன்னார்: "ஒத்தக் காலுக்கு மட்டும் ஒசரம் வெச்சா ஸ்கூல்ல நாலு புள்ளைங்க கேக்கும்ங்களா இல்லியா? அதான் ரெண்டுலயும் வெக்கச் சொல்லிட்டேன். தெச்சவரு வேணாம்னு தான் சொன்னாரு, நான் தான் ஒத்துக்கல."

கம்ப்யூட்டருக்குச் செய்யும் மரியாதை

வலது ஷூவின் உயரத்தைப் பிய்த்து எடுக்க வைத்தேன். அடுத்த பிரச்சினை, இந்த நாட்டில் செருப்போடு இருக்கிற நேரத்தைவிட வெறுங்காலோடு இருக்கிற நேரம்தான் ஜாஸ்தி. வாசலில் கழற்றிய பிறகு வீடு முழுக்கப் பையன் பழையபடி சாய்ந்துதான் நடப்பான். அஸ்லமின் அம்மா அதற்கு ஒரு வழி பண்ணினார். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி செருப்பு வாங்கி, இடதில் உயரம் வைத்துத் தைத்து, அதைத் தெருவுக்கே கொண்டுபோகக் கூடாது, தொழுகிற இடத்தில் மட்டும் கழற்று என்று சட்டம் போட்டார். அப்படி ஒரு அம்மா எனக்கு ஊருக்கு ஒருவர் கிடைத்தால் நான் கிளினிக்கையே மூடிவிடுவேன்.

தடை வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து. அவன் படிக்கிற தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குள் ஷூ போட்டுக்கொண்டு போகக் கூடாது. லேபில் நின்றுகொண்டே செய்யும் வேலைகளும் உண்டாம். பையன் சொன்னதைக் கேட்டு நானே போன் போட்டு, மருத்துவக் காரணம், இவனுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள் என்றேன். கோவில் கர்ப்பக்கிரகத்துக்குள் செருப்போடு நுழையக் கேட்டதுபோல் அந்தப் பக்கம் போனை அவசரமாகக் கை மாற்றினார்கள். பிறகு கம்ப்யூட்டர் ஆசிரியர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "மேடம், முதுகு கொஞ்சம் சாஞ்சா பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். சிஸ்டத்துக்குள்ள தூசு பூந்திச்சின்னா யாரு பதில் சொல்றது?"

ஒழுக்கம் என்னும் மருந்து

காவியாவைச் சேலத்துக்கு அழைத்துப்போனார்களா என்று சுமதிக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். கரும்பு வெட்டு நடக்குது, வெட்டு முடியட்டும் என்றார். வெட்டு முடிந்தது, வெட்டின கட்டையில் துளிர்த்த பயிருக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை என்றார். கரும்பு ஒரு வெட்டு தள்ளிப்போனால் ஆலையிலிருந்து ஆள் வந்து கேட்பார்கள். பெண்ணின் முதுகு தள்ளிப்போனால் கேட்க நான் ஒருத்திதான்.

இதற்கிடையில் அவள் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் பிரேயர் நடந்துகொண்டிருந்தது. மொத்தப் பள்ளிக்கூடமும் மரத்தடி நிழலில் நிற்க, காவியா மட்டும் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக, வெயிலில், விறைப்பாக நின்றாள். முகம் சிவந்திருந்தது. என்ன குற்றம் என்று பி.டி. மாஸ்டரிடம் கேட்டேன். தினமும் அட்டென்ஷனில் தோளைக் கோணிக்கொண்டு நிற்கிறாளாம், திமிராம், அதற்காகத் தினமும் இந்தத் தனி மரியாதையாம்.

பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப்போய், ஒரு டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யூனிபார்மைக் கழற்றாமலேயே குனிய வைத்துக் காட்டினேன். பார்த்ததும் டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். வெளியே வந்து மாஸ்டரிடம் அது எலும்பு, உங்கள் விசிலுக்கு அது பயப்படாது என்றேன். கெட்ட மனிதர் இல்லை அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்: "நிக்க வெச்சி நிக்க வெச்சியே நேராக்கிரலாம்னு தான் பாத்தேன் மேடம். பாதி வியாதிங்களுக்கு டிசிப்ளின் தான மருந்து?"

பீரோவுக்குள் பெல்ட்

அந்த டீச்சர் காவியாவின் அப்பா ஏழுமலையிடம் என்ன சொன்னாரோ, மறுவாரமே சேலம் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டால் பிடித்து நிறுத்தலாம் என்றிருக்கிறார். பெல்ட் என்று நாங்கள் சொன்னாலும் அது பெல்ட் இல்லை. அக்குளிலிருந்து இடுப்பு வரை உடம்பைக் கவ்விக்கொள்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு. உடம்புக்கு அச்சு எடுத்து, அந்த உடம்புக்கென்றே செய்வது. குளிக்கிற நேரம், விளையாடுகிற நேரம் தவிர ராத்திரியும் பகலும் போட வேண்டும். இருக்கிற வளைவை அது துடைத்துப்போட்டுவிடாது. மேற்கொண்டு வளையாமல் காவல் காக்கும், அதுவும் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான். வளர்ச்சி நின்ற பிறகு போட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

பெல்ட் வந்து சேர்ந்த வாரம் காவியா வயதுக்கு வந்தாள். ஒரு பெண் வயதுக்கு வந்தபின் இன்னும் கொஞ்ச காலம்தான் உயரம் வளரும். அதாவது பெல்ட்டுக்கு இருக்கிற நேரம் குறையத் தொடங்கிவிட்டது என்று உடம்பே மேளம் கொட்டிச் சொல்கிறது. வீட்டிலும் மேளம் கொட்டத்தான் ஏற்பாடு செய்தார்கள், ஆனால் வேறு காரணத்துக்கு. இடுப்பு எலும்புக்குப் பலம் என்று சொந்தக்காரர்கள் முறை வைத்து உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்தார்கள். வருகிறவர்கள் கட்டிப்பிடித்தால் உள்ளே கட்டை மாதிரி ஏதோ தட்டுப்படும், நாளைக்குப் பெண் கேட்டு வருகிற இடத்தில் பேச்சு கிளம்பும் என்று, எலும்புக்காகவே செய்த பெல்ட்டைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

சடங்கு முடிந்ததும் போடுவோம் என்றார் சுமதி. சரி, சடங்கு எப்போது? தாய்மாமன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கு லீவு கிடைத்து, சீர்வரிசையோடு வந்த பிறகுதான். லீவு எப்போது கிடைக்கும்? அது அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியும். நான் மூங்கில்துறைப்பட்டுக்கே பஸ் ஏறிப் போனேன். மன்றாடினேன், மிரட்டினேன், பீரோ சாவியைக் கேட்டேன். காவியா கதவோரம் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுமதி எனக்கு டீ கொடுத்துவிட்டு, உலகம் தெரியாத பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னார்: "தாய்மாமன் வந்து மால போடறதுக்கு முன்ன, பொண்ணுக்கு வேற எதையாவது போட முடியுமாங்க?"

ஃப்ரீ சைஸ்

கல்வராயன் மலையில் முகாம் என்றால் எனக்கு எப்போதும் சந்தோஷம். காற்றுக்காக இல்லை. மேலே இருக்கிறவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள், ஊர் என்ன சொல்லும் என்று என்னிடமே திருப்பிக் கேட்பதில்லை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். கீழேயிருந்து ஒரு சேவைச் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் குனிய வைத்துப் பார்த்து, முதுகில் சந்தேகம் இருக்கிற இரண்டு மூன்று பேரை நான் தனியே உட்கார வைத்திருந்தேன். கீழே அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுக்க வண்டி ஏற்பாடு செய்யுங்கள், அது போதும் என்று சங்கத்தின் செயலாளரிடம் முன்பே கேட்டிருந்தேன்.

வண்டி வந்தது. அதில் மேடை, மைக், சிறப்பு விருந்தினர், அட்டைப்பெட்டி நிறைய இடுப்பு பெல்ட். மூட்டை தூக்குகிறவர்கள் கட்டிக்கொள்கிற கறுப்பு பெல்ட். வரிசையாக நிற்க வைத்து, முதுகு நேராக இருக்கிற பிள்ளைக்கும் ஒன்று, வளைந்திருக்கிற பிள்ளைக்கும் ஒன்று என்று கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் அச்செடுத்துச் செய்ய வேண்டிய சாமான், இது வேறு அது வேறு என்று செயலாளரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஃப்ரீ சைஸ் மேடம், எல்லாருக்கும் பொருந்தும்" என்று விருந்தினருக்குப் பொன்னாடை போடப் போய்விட்டார்.

படம் எடுத்து முடிந்ததும் வண்டியும் போய்விட்டது. சந்தேகப்பட்ட பிள்ளைகளில் ஒரு பெண்ணை அவள் அப்பா மட்டும் பிறகு தாமாகவே பஸ்ஸில் இறக்கிக்கொண்டு என் கிளினிக்குக் கூட்டி வந்தார். மரவள்ளி போட்டிருக்கிற மனிதர். எக்ஸ்ரே பார்த்ததில் வளைவு கொஞ்சம்தான், பெல்ட் தேவையில்லை, சில மாதத்துக்கு ஒரு தடவை கூட்டி வந்து காட்டினால் போதும் என்று தெரிந்தது. சரி என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கறுப்பு பெல்ட் என்ன ஆச்சு என்றேன். சட்டையைத் தூக்கித் தன் இடுப்பைக் காட்டினார்: "புள்ளைக்குச் சேரலீங்க. கெழங்கு புடுங்கறப்ப எனக்கு நல்லாத்தான் இருக்குது. குடுத்தவங்க என்னியும் ஒரு போட்டா புடிச்சிருக்கலாம்."

ஒரு டீ நேரத்தில் நேரான தோள்

தாய்மாமனுக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் காவியா ஒரு வகுப்பு மேலே போயிருந்தாள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பெண்ணைப் பார்க்கலாமே என்று போனேன்.

மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ். நடுவே பட்டுப் பாவாடை தாவணியில் காவியா, சுற்றிலும் வரவேற்கும் சொந்தக்காரர்களின் தலைகள். கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு தோளும் ஒரே மட்டம். கழுத்து நேர். இடுப்பு நேர். ரகசியமாகப் பெல்ட் போட்டுவிட்டார்களோ, நான்தான் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தேனோ என்று பாதிப் படியேறும் வரை நம்பினேன். உள்ளே மேடையில் உட்கார்ந்திருந்த காவியாவைப் பார்த்தேன். ஜாக்கெட்டின் இடது தோளில் பஞ்சு வைத்துத் தைத்து உயர்த்தியிருந்தது. வலது பக்கம் சடையை முன்னால் போட்டு, உயர்ந்த தோளை மறைத்து மாலை சார்த்தியிருந்தது. போன தடவை பார்த்ததைவிட வளைவு கூடியிருப்பது, மாலைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. ஆலம் சுற்றியவர்கள் பொட்டு வைக்கக் காவியா குனிந்து நிமிர்ந்தபோது உள்ளே பஞ்சு நழுவியது. யாரோ ஒரு அத்தை ஓடிவந்து தட்டிச் சரிசெய்தாள்.

ஒரு பெண்ணுக்காகத் தையற்காரர், பூக்காரர், சடை பின்னுகிறவர், சமையற்காரர் என்று இத்தனை பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் வளைவை மறைக்கத்தான் மெனக்கெட்டார்களே தவிர, நிறுத்த ஒருவரும் இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கை கழுவப் போன இடத்தில் போட்டோகிராபர் நின்றிருந்தார். அந்த ஃபிளெக்ஸில் எப்படி அவ்வளவு நேராக வந்தது என்று கேட்டேன். பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்: "தோளு ரெண்டையும் நான் தான் லெவல் பண்ணேன் மேடம். அம்மா முன்னியே சொல்லிட்டாங்க. அது இன்னா, ஒரு டீ குடிக்கற நேரம்."

படத்துக்கு வேண்டாம்

சடங்கு முடிந்தபின் பீரோ திறந்தது. பெல்ட்டை எடுத்துக் காவியாவுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வார் எட்டவில்லை, இடுப்பில் ஏறி நெஞ்சை இடித்தது. பீரோவுக்குள் இருந்த பெல்ட் அதே அளவில் இருக்க, வெளியே இருந்த பெண் வளர்ந்துவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு சுமதி, காவியா, சிங்கப்பூர் மாமா மூன்று பேரும் என் மாடிக்கு வந்தார்கள். கொஞ்சம் வெட்டிச் சரிபண்ணித் தர முடியுமா என்பது மாமாவின் கேள்வி. நான் அன்றைக்குப் பேசிய பேச்சைக் கீழே மருந்துக் கடைக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மறுபடி சேலம், மறுபடி எக்ஸ்ரே. வளைவு கூடியிருக்கிறது, ஆனால் வளர்ச்சி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, இப்போதே புது அச்செடுத்துப் புது பெல்ட் போட்டால் ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். இதையும் விட்டால் கத்திதான். அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் சுமதி தயங்கினார். கைப்பையிலிருந்து போனை எடுத்து ஃபிளெக்ஸ் படத்தைக் காட்டினார். இந்தப் படத்தைப் பார்த்து ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுச்சு மேடம், யாருக்குமே தெரியல, இப்ப இந்தக் கூட்டைப் போட்டுக்கினு பஸ்ல போனா நாமளே போய் நாலு பேருக்குச் சொன்ன மாதிரி ஆவாதா என்றார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பெற்றவளுக்குப் பயம் இருக்காதா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் காவியா அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

இத்தனை மாதமாக அவளைக் குனி என்றோம், நிமிர் என்றோம், நில் என்றோம், மேடையில் உட்கார் என்றோம். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் அவள் அம்மாவிடம்தான் கத்திக்கொண்டிருந்தேனே தவிர, அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல நிக்கறவளுக்கு முதுகு நேராத்தான் இருக்குது மிஸ், அவளுக்கு ஒண்ணும் வேணாம். பெல்ட்டு எனக்குப் போடுங்க."

ஆக இன்றைய நிலவரம் என்னவென்றால், ஃபிளெக்ஸில் தோள் நேரான காவியா மூங்கில்துறைப்பட்டில் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் மழைக்கு மறைப்பாக விரிந்து கிடக்கிறாள், தோள் கோணிய காவியா புதுக் கூட்டுக்கு மேலே யூனிபார்மை மாட்டிக்கொண்டு எல்லோரும் பார்க்க பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள்.